எட்டு வயதில் மார்பு வளர்ச்சி: கோழியை நிறுத்துவதா, ஊசி போடுவதா?

பல்லடம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரிய வேண்டாம் என்று கேட்டிருப்பதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மகளுக்கு 8 வயது 4 மாதம், மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். நான்கு மாதம் முன்பு குளிப்பாட்டும்போது இடது மார்புக் காம்புக்கு அடியில் புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டிருக்கிறது. அழுத்தினால் வலிக்கிறது என்கிறாளாம். இப்போது வலது பக்கமும் லேசாக ஆரம்பித்திருக்கிறது. உயரம் 134 சென்டிமீட்டர், எடை 38 கிலோ. ஒரு வருடத்துக்கு முன் பள்ளியில் அளந்தபோது 126 இருந்தாள். இதுவரை ரத்தப்போக்கு எதுவும் இல்லை. இந்தத் தாய் வயசுக்கு வந்தது 13 வயதில். ஆனால் அவருடைய தங்கை பத்தரை வயதிலேயே.

கணவர் ஒப்பந்த முறையில் பிராய்லர் கோழி வளர்க்கிறார். வீட்டில் வாரம் மூன்று நான்கு நாள் கோழிக்கறிதான். "உங்க பண்ணைக் கோழிதான் பிள்ளைய இப்படிப் பண்ணிருச்சு" என்று நாத்தனார் சொன்னதிலிருந்து இவருக்குத் தூக்கமில்லை. கணவர் மனசு உடைந்துபோவார் என்று அவரிடம் முழுதாகச் சொல்லவும் இல்லை. தெரிந்தவர் மகளுக்குக் கோவையில் ஊசி போட்டு வயசுக்கு வருவதைத் தள்ளிப்போட்டார்களாம். நாமும் போடலாமா, பின்னால் குழந்தை பிறப்பதில் சிக்கல் வருமா, மகள் எவ்வளவு உயரம் வளருவாள் என்று கேட்கிறார். மாமியாரோ இப்போதே உளுந்தங்களி கொடுக்க வேண்டும், சைக்கிளை நிறுத்த வேண்டும் என்கிறார். அந்தக் கட்டி புற்றுநோயாக இருக்குமோ என்ற பயமும் இருக்கிறது. மகளிடம் என்ன சொல்வது என்றும் தெரியவில்லை.

முதலில் கட்டி. பயப்படாதீர்கள் அம்மா. நீங்கள் சொல்கிற இடம், அளவு, வலி எல்லாமே மார்பு வளர்ச்சியின் முதல் முளையைத்தான் காட்டுகின்றன. அது ஒரு பக்கம் முதலில் வருவதும், மறுபக்கம் சில மாதம் கழித்துத் தொடங்குவதும் சாதாரணம். இந்த வயதில் மார்பில் புற்றுநோய் வருவது அரிதிலும் அரிது. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: யாராவது "கட்டியை எடுத்துவிடலாம்" என்றோ ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்க்கலாம் என்றோ சொன்னால், குழந்தை நல மருத்துவரைப் பார்க்காமல் சம்மதிக்காதீர்கள். அந்த முளையை அகற்றினால் பிறகு அந்தப் பக்கம் மார்பே வளராது. விளக்கெண்ணெய் தடவி உருவிவிடுவது, ஒத்தடம் கொடுப்பது எதுவும் வேண்டாம். வலி தானாகக் குறையும்.

அடுத்த மாதமே வயசுக்கு வந்துவிடுவாளோ என்று நீங்கள் நடுங்குவது கடிதத்தில் தெரிகிறது. மார்பு முளை தொடங்கியதிலிருந்து முதல் மாதவிடாய் வரப் பெரும்பாலும் இரண்டிலிருந்து இரண்டரை வருடம் ஆகும். சில பிள்ளைகளுக்கு இதைவிட வேகமாக நடக்கும். சிலருக்கு நடுவில் நின்று, மறுபடி மெதுவாகத் தொடரும். பொதுக் கணக்கில் போனால் உங்கள் மகளுக்குப் பத்து, பத்தரை வயது வாக்கில். உங்கள் தங்கையின் வயதும் அதுதான் என்பதைக் கவனித்தீர்களா? பருவம் வரும் வயதைத் தீர்மானிப்பதில் பாதிக்கு மேல் பரம்பரையின் பங்கு. தாயை மட்டும் பார்த்தால் போதாது. சித்தி, அத்தை, அப்பாவழிப் பாட்டி, ஏன், அப்பாவுக்கு எப்போது மீசை முளைத்தது என்பது வரை எல்லாமே கணக்கில் வரும். ஆகவே நாத்தனாரிடம் அவர் எந்த வயதில் பெரியவளானார் என்று மெதுவாக விசாரித்துப் பாருங்கள். மருத்துவருக்கும் அந்தத் தகவல் உதவும்.

இது சீக்கிரமா, ரொம்பச் சீக்கிரமா?

பெண் குழந்தைகளுக்கு 8 வயது முடிவதற்கு முன் மார்பு வளர்ச்சி தொடங்கினால் அதை முன்கூட்டிய பருவமடைதல் என்று மருத்துவம் சொல்கிறது. 8 முதல் 13 வயதுக்குள் தொடங்குவது இயல்பு. உங்கள் மகள் சரியாகக் கோட்டின் மேல் நிற்கிறாள். எட்டாவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள் நோய், மறுநாள் ஆரோக்கியம் என்று உடம்பு கணக்கு வைப்பதில்லை. அதனால் நான் பார்ப்பது வயதை மட்டுமல்ல, வேகத்தையும். பருவ வளர்ச்சி தொடங்காத குழந்தை வருடத்துக்கு 5, 6 சென்டிமீட்டர் வளரும். உங்கள் மகள் 8 வளர்ந்திருக்கிறாள். இது பருவ வளர்ச்சி உண்மையிலேயே தொடங்கிவிட்டது என்பதற்கான அடையாளம். மார்பில் வெறும் கொழுப்புச் சதை சேர்ந்து பெரிதாகத் தெரியும் குழந்தைகளும் உண்டு. இங்கே கெட்டியான, வலிக்கிற முளை இருப்பதால் அப்படித் தோன்றவில்லை. மருத்துவர் தொட்டுப் பார்த்தால் உறுதியாகிவிடும்.

மூளையின் அடியில் உள்ள ஒரு பகுதி, குழந்தைப் பருவம் முழுக்க அடங்கியிருந்துவிட்டு, ஒரு கட்டத்தில் விட்டு விட்டு ஹார்மோன் துடிப்புகளை அனுப்பத் தொடங்கும். அதைக் கேட்டுப் பிட்யூட்டரி சுரப்பி விழிக்கும், பிறகு சினைப்பை. இந்தத் தொடர் ஏன் சீக்கிரம் தொடங்கியது என்று தேடினால், பெண் குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு நோய் என்று எதுவும் அகப்படாது. மீதிப் பேருக்காகத்தான் பரிசோதனை. குறிப்பாக 6 வயதுக்கு முன் தொடங்கினால் மூளைக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அவசியம். எந்த வயதானாலும் விடாத தலைவலி, காலை வாந்தி, பார்வை மங்கல், உடலில் பெரிய காப்பி நிறத் திட்டுகள், மார்பு சரியாக வளராமலேயே ரத்தப்போக்கு, ஓரிரு மாதத்தில் தாறுமாறான வளர்ச்சி ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் காத்திருக்கக் கூடாது. நீங்கள் இவற்றில் ஒன்றையும் எழுதவில்லை. நீங்களே ஒருமுறை உட்கார்ந்து விசாரித்துக்கொள்ளுங்கள்.

கோழிக்கறி மேல் பழி

உங்கள் வீட்டில் இதைச் சொல்ல நான் வேண்டியதே இல்லை, உங்கள் கணவரே சொல்லலாம். கொட்டகையில் ஆயிரக்கணக்கான கோழிகள். ஒவ்வொன்றையும் பிடித்து ஹார்மோன் ஊசி போட்டதை நீங்கள் என்றைக்காவது பார்த்திருக்கிறீர்களா? நீங்கள் பார்த்தது வெள்ளைக்கழிச்சல், கம்போரோ போன்ற நோய்களுக்கான தடுப்பு மருந்து. அதுவும் பெரும்பாலும் கண்ணில் சொட்டாகவோ குடிதண்ணீரில் கலந்தோதான். வளர்ச்சி ஹார்மோன் புரதத்தால் ஆனது; தீவனத்தில் போட்டால் கோழியின் வயிற்றிலேயே செரித்துப்போகும். ஊசியாகத் திரும்பத் திரும்பப் போட்டால் கட்டுப்படி ஆகாது.

பிறகு எப்படி நாற்பது நாளில் அந்த எடை? பல தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து இனவிருத்தி செய்ததால். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957ஆம் ஆண்டுக் கோழி ரகத்தையும் 2005ஆம் ஆண்டு ரகத்தையும் ஒரே தீவனம் கொடுத்து வளர்த்துப் பார்த்தார்கள். 56ஆம் நாள் பழைய ரகம் சுமார் 900 கிராம். புதிய ரகம் 4 கிலோவைத் தாண்டியது. ஊசியும் இல்லை, மந்திரமும் இல்லை.

இந்தச் சந்தேகம் நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. 1970களின் கடைசியில் இத்தாலியின் மிலான் நகரப் பள்ளி ஒன்றில் குழந்தைகள் பலருக்கு மார்பு பெரிதானபோது அங்கும் கோழி, கன்றுக்கறி மீதுதான் சந்தேகம் விழுந்தது. அது நிரூபணமாகவில்லை. பாலுக்காக மாட்டுக்குப் போடும் ஆக்சிடோசின் ஊசியால்தான் என்று இன்னொரு பேச்சு உண்டு. அந்த ஊசி மாட்டுக்குச் செய்யும் கொடுமை, சட்டப்படியும் தவறு. ஆனால் அந்த மருந்து குடலில் அழிந்துவிடும், பருவத்தைத் தூண்டும் ஹார்மோனும் அல்ல.

கோழி வளர்ப்பில் நான் கவலைப்படுவது ஆன்டிபயாடிக் பற்றி. நோயில்லாத கோழிக்கும் வளர்ச்சிக்காக அதைக் கொடுக்கும் பழக்கத்தால் மனிதருக்கு மருந்து கேட்காத கிருமிகள் உருவாகின்றன. கோலிஸ்டின் என்ற மருந்தை 2019இல் இந்திய அரசு கோழி, கால்நடை வளர்ப்பில் தடை செய்தது அதனால்தான். உங்கள் கணவர் மருந்து கொடுத்தால், கறிக்கு அனுப்பும் முன் விட வேண்டிய இடைவெளி நாட்களைக் கடைப்பிடிக்கட்டும். அது வேறு பிரச்சினை. மகள் விஷயத்தோடு முடிச்சுப் போடாதீர்கள். ஆகவே அவரிடம் இன்றைக்கே எல்லாவற்றையும் சொல்லுங்கள். அவர் கோழியால் இது வரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

எடைக்கு ஒரு பங்கு உண்டு

இதை நான் எழுதாமல் விட்டால் உங்களுக்கு நியாயம் செய்தவனாக மாட்டேன். அவள் உயரத்துக்கு 38 கிலோ அதிகம். கொழுப்புத் திசு சும்மா கிடக்கும் சுமை கிடையாது. அதிலிருந்து சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் "உடம்பில் போதுமான சேமிப்பு இருக்கிறது" என்று மூளைக்குத் தகவல் சொல்கிறது. மூளை பருவத்தைத் தொடங்க அது ஒரு பச்சைக்கொடி. கொழுப்பிலேயே ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனும் சிறிது உருவாகிறது. எடை கூடிய பெண் குழந்தைகள் சராசரியாகச் சீக்கிரம் பருவமடைவதற்கு இது முக்கியக் காரணம்.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் வட ஐரோப்பாவில் முதல் மாதவிடாய் 16, 17 வயதில்தான் வந்துகொண்டிருந்தது. ஊட்டமும் சுகாதாரமும் கூடக்கூட அது 13க்கு இறங்கியது. இந்தியாவிலிருந்து ஸ்வீடனுக்குத் தத்துப்போன பெண் குழந்தைகளைப் பற்றி 1991இல் ஓர் ஆய்வு வந்தது. 107 பேர். அவர்கள் பூப்படைந்த நடு வயது 11.6. இங்கே பசியில் இருந்து அங்கே போய் திடீரென்று செழிப்பாகச் சாப்பிட்ட உடல்கள். நல்ல ஊட்டத்தின் ஒரு விளைவாகவும் பருவம் முந்துகிறது என்பதால், இதை முழுக்க "காலம் கெட்டுப்போச்சு" என்று சொல்ல என்னால் முடியவில்லை. உலகம் முழுக்க வந்த ஆய்வுகளை 2020இல் தொகுத்துப் பார்த்தபோது, 1977 முதல் 2013 வரை மார்பு வளர்ச்சி தொடங்கும் வயது பத்தாண்டுக்கு ஏறக்குறைய மூன்று மாதம் குறைந்துகொண்டே வந்திருந்தது. கொரோனா ஊரடங்கின்போது இத்தாலி உட்படப் பல நாடுகளில் இப்படி வரும் சிறுமிகளின் எண்ணிக்கை சட்டென்று கூடியது. ஓடியாடாத நாட்கள், ஏறிய எடை, திரை, கெட்ட தூக்கம், பதற்றம் எல்லாம் பேசப்பட்டன. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். பிளாஸ்டிக்கில் உள்ள சில ரசாயனங்கள் ஹார்மோனைப் போல நடந்துகொள்கின்றன என்பதற்கும் ஆதாரங்கள் உண்டு. மனிதக் குழந்தைகளில் அவை எடையைப் போலத் தெளிவாக நிரூபணமாகவில்லை. சூடான குழம்பை, சாம்பாரைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்குவதை நிறுத்தினால் நஷ்டம் ஒன்றுமில்லை.

இப்போது எடையைக் குறைத்தால் தொடங்கியது நின்றுவிடுமா என்றால், நிற்காது. ஆனாலும் எடையைக் கவனிக்கச் சொல்கிறேன். சீக்கிரம் பருவமடையும் பெண்களுக்குப் பிற்காலத்தில் உடல் பருமன், சர்க்கரை நோய் வாய்ப்பு கூடுதல். மார்பகப் புற்றுநோய் வாய்ப்பும் சற்றுக் கூடுதல். பூப்பு வயதை நாம் மாற்ற முடியாது, எடையை மாற்ற முடியும். அவளைப் பட்டினி போடாதீர்கள், "குண்டு" என்ற சொல் வீட்டில் வேண்டாம். எடையைக் குறைக்கக்கூட வேண்டியதில்லை; உயரம் ஏறும்போது எடை 38இல் நின்றாலே போதும். கோழிக்கறியைக் குழம்பாக வைத்துக் கொடுங்கள், புரதம் தேவைதான். சாயங்காலம் பேக்கரி பப்ஸ், கிரீம் பன், சில்லி சிக்கன், பாட்டில் குளிர்பானம் ஆகியவற்றில்தான் கை வைக்க வேண்டும். இரவு ஒன்பது மணிக்கு மேல் போன் வேண்டாம். தினம் ஒரு மணி நேரம் வேர்க்க விளையாட வேண்டும்.

எனவே சைக்கிள் ஓடட்டும். ஸ்கிப்பிங்கும் ஆடட்டும். அவற்றால் கருப்பைக்கு எதுவும் ஆகாது. உளுந்தங்களியில் கெடுதல் இல்லை, ஆனால் இப்போது மருந்தாகக் கொடுக்கத் தேவையில்லை. கருப்பட்டியும் நல்லெண்ணெயும் ஊற்றிக் கிண்ணம் கிண்ணமாகக் கொடுத்தால் இந்தக் குழந்தைக்கு எடைதான் ஏறும். வயசுக்கு வந்த பிள்ளைக்குப் பச்சை முட்டை கொடுக்கும் வழக்கத்தையும் மாமியார் எடுத்துக்கொண்டு வருவார். முட்டையை வேகவைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

ஊசி பற்றி

அந்த ஊசி லூப்ரோலைட் அல்லது டிரிப்டோரெலின் வகையாக இருக்கும். மாதம் ஒன்று அல்லது மூன்று மாதத்துக்கு ஒன்று. பிட்யூட்டரி சுரப்பியின் வேலையை அடக்கி, பருவ வளர்ச்சியை நிறுத்தி வைக்கும். 1980களிலிருந்து பயன்பாட்டில் உள்ள மருந்து. நிறுத்திய பிறகு பருவம் விட்ட இடத்திலிருந்து தொடரும், பெரும்பாலும் ஒன்று ஒன்றரை வருடத்துக்குள் மாதவிடாய் வரும். இதை எடுத்துக்கொண்ட பெண்கள் பிற்காலத்தில் கருத்தரிப்பதில் இந்த மருந்தால் தடை வந்ததாகத் தெரியவில்லை. அந்தப் பயத்தை விட்டுவிடலாம்.

ஆனால் எதற்காகப் போடுகிறோம்? பருவ ஹார்மோன் எலும்பை வேகமாக வளர்த்து, சீக்கிரமே முற்றவும் வைத்துவிடும். இப்போது வகுப்பில் உயரமாக நிற்கும் பிள்ளை பிற்பாடு குட்டையாக நின்றுபோகலாம். அதைத் தடுப்பதுதான் ஊசியின் முதன்மை நோக்கம். 6 வயதுக்கு முன் தொடங்கியவர்களுக்குப் பலன் நன்றாகத் தெரிகிறது. 8 வயதைத் தாண்டிய பிறகு உயரத்தில் கிடைக்கும் லாபம் குறைவு, பலருக்கு இல்லவே இல்லை. செலவு, மாதா மாதம் அலைச்சல், ஊசி போட்ட இடத்தில் வலி, சிலருக்கு எடை கூடுதல் ஆகியவற்றையும் கணக்கில் வையுங்கள். நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துப் பார்த்தால், உங்கள் மகளுக்கு ஊசி தேவைப்படாது என்றுதான் நினைக்கிறேன்.

அதை உறுதிப்படுத்த இந்த மாதமே செய்ய வேண்டிய ஒன்று உண்டு. இடது கை, மணிக்கட்டுக்கு ஓர் எக்ஸ்ரே. அதில் எலும்பின் வயது தெரியும். எடை கூடிய பிள்ளைகளுக்கு அது ஒரு வருடம் முன்னால் இருப்பது சகஜம், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். இரண்டு வருடத்துக்கு மேல் முன்னால் ஓடி, ரத்தத்தில் எல்.எச். (பிட்யூட்டரி சுரப்பி சினைப்பையைத் தூண்ட அனுப்பும் ஹார்மோன்) அளவும் பருவ அளவுக்கு ஏறியிருந்தால், அப்போது குழந்தைகளுக்கான ஹார்மோன் மருத்துவரோடு ஊசியைப் பற்றிப் பேசலாம். தைராய்டு பரிசோதனை கட்டாயம். அது மிகவும் குறைந்திருந்தால் அதுவே இப்படி முன்கூட்டிப் பருவத்தைக் கொண்டுவரும், மாத்திரையில் சரியாகிவிடும். வயிற்று ஸ்கேன் எடுத்தால் கருப்பையும் சினைப்பையும் எவ்வளவு வளர்ந்துள்ளன என்று தெரியும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் நலப் பிரிவில் தொடங்கினால் செலவும் குறையும்.

உயரத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நீங்கள் 152, கணவர் 165. இரண்டையும் கூட்டி 13ஐக் கழித்து இரண்டால் வகுத்தால் 152 வரும். அவள் அந்த உயரத்தைச் சுற்றி, எட்டு சென்டிமீட்டர் கூடவோ குறையவோ நிற்பாள். முதல் மாதவிடாய்க்குப் பிறகு பெரும்பாலும் 5 முதல் 7 சென்டிமீட்டர்தான் வளருவார்கள். ஏற்கெனவே 134 இருக்கிறாள், முன்னால் இரண்டு வருடம் இருக்கிறது. நம்பிக்கைக்கு இடமுண்டு.

மகளிடம் பேசுவது

உடம்பு முந்தினாலும் மனசுக்கு எட்டு வயதுதான். இதைச் சுற்றியிருப்பவர்கள் மறந்துவிடுவார்கள். "பெரிய பிள்ளை மாதிரி உட்காரு" என்பார்கள், ஓடினால் அதட்டுவார்கள். அதை நீங்கள்தான் தடுக்க வேண்டும். அவளிடம் எளிமையாகச் சொல்லுங்கள்: எல்லாப் பெண்களுக்கும் மார்பு வளரும், அம்மாவுக்கும் இப்படித்தான் வந்தது, உனக்குக் கொஞ்சம் முன்னாடி வந்திருக்கிறது, இது நோய் இல்லை, உன் தப்பும் இல்லை. உறுத்தாத பருத்திப் பனியன் போதும். மாதவிடாயைப் பற்றி ஒன்பதரை வயதுக்குள் சொல்லிவிடுங்கள், நாப்கினைக் கையில் கொடுத்துக் காட்டுங்கள். பள்ளியில் திடீரென்று ரத்தத்தைப் பார்த்து மிரளும் குழந்தைகளில் பலருக்கு வீட்டில் யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள். வகுப்பு ஆசிரியையிடம் மட்டும் தனியாகச் சொல்லிவையுங்கள்.

இன்னொன்றையும் தயங்காமல் பேசுங்கள். வயதை மீறிய உடல் தவறான கண்களில் படும். யாரும் தொடக் கூடாத இடங்கள், தொட்டால் கத்துவது, யாராக இருந்தாலும் அம்மாவிடம் சொல்வது என்று பழக்குங்கள். உறவுக்காரரையும் சேர்த்துத்தான் "யாராக இருந்தாலும்". 18 வயதுக்கு உட்பட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பாதுகாப்புத் தருகிறது. குழந்தைகள் உதவி எண் 1098.

சடங்கைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அந்தப் பேச்சு வரும். தாய்மாமன் சீர் வைக்கட்டும், உறவு கூடட்டும், அதில் நான் தலையிட மாட்டேன். ஊர் முழுக்க ஃபிளெக்ஸில் பத்து வயதுப் பிள்ளையின் படத்தைப் போட்டு அறிவிப்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. அவள் மறுநாள் அதே பள்ளிக்குத்தான் போக வேண்டும். சடங்கு வைப்பதா வேண்டாமா, வைத்தால் எவ்வளவு பெரிதாக வைப்பது என்று அவளிடமும் கேளுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது பள்ளியில் எடுத்த உயர அளவுகள் எல்லாவற்றையும், உங்கள் இருவரின் உயரத்தையும், இரண்டு பக்கத்துப் பெண்களும் பூப்படைந்த வயதுகளையும் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். உடம்பு தேற என்று பெயர் தெரியாத பொடி, லேகியம், டானிக் ஏதாவது கொடுத்திருந்தால் அந்தப் பாட்டிலையும் கையோடு கொண்டுபோங்கள். வீட்டில் பெரியவர்கள் யாராவது ஹார்மோன் களிம்பு பூசிக்கொள்கிறார்கள் என்றால் அதையும் சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் அவசரம் எதுவும் தெரியாவிட்டால், நான்கு மாதத்துக்கு ஒருமுறை உயரமும் எடையும் அளந்து வந்தால் போதும். கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.